உலை வைக்கும் முன் ஒரு பிடி

காலை ஆறு மணி. ஓர் அடுப்பில் பால், இன்னோர் அடுப்பில் உலை. இடுப்பில் கைக்குழந்தை. "என் துண்டு எங்கே?" என்று உள்ளேயிருந்து ஒரு குரல். "அம்மா, என் கணக்கு நோட்டைக் காணோம்!" என்று இன்னொரு குரல். இந்த நேரத்தில் யாராவது வந்து, "தினமும் அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்து ஜெபம் செய்யுங்கள் அம்மா, மனநிறைவு தானாக வரும்" என்று சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? கையில் இருக்கிற கரண்டியை ஓங்கத் தோன்றும் அல்லவா!

எனக்கும் ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தது. ஜெபம், ஸ்தோத்திரம், தான தருமம் எல்லாம் நேரமும் பணமும் உள்ளவர்களுக்கு. நமக்கு அடுப்பும் தொட்டிலும்தான் என்று நினைத்திருந்தேன். அந்த நினைப்பை மாற்றியது ஒரு பிரசங்கமும் அல்ல, புத்தகமும் அல்ல. எங்கள் வீட்டு அடுப்பங்கரை மூலையில் இருந்த ஒரு சின்ன மண் கலயம்தான் மாற்றியது. அந்தக் கதையைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ளப் போகிறேன்.

அத்தையின் கலயம்

நான் கல்யாணமாகி வந்தது திருநெல்வேலிச் சீமையில் ஒரு கிராமத்துக் கிறிஸ்தவக் குடும்பம். என் மாமியாருக்கு எழுத்து வாசனை கிடையாது. வேத வசனங்களைக் காதால் கேட்டே மனப்பாடம் செய்தவர்கள். உலைக்கு அரிசி அளக்கும்போது தினமும் ஒரு காரியம் செய்வார்கள். உழக்கால் அளந்து சுளகில் போட்ட பிறகு, அதிலிருந்து ஒரு பிடி அரிசியைத் திரும்ப எடுத்து, மூலையில் இருக்கும் கலயத்தில் போடுவார்கள். போடும்போது உதடு அசையும். அவ்வளவுதான். பிறகு அரிசி களைய உட்கார்ந்துவிடுவார்கள்.

இதற்குப் பிடியரிசி என்று பெயர். மாதக் கடைசியில் கலயத்தில் ஏறக்குறைய ஒன்றேகால் கிலோ சேர்ந்திருக்கும். அதை ஒரு துணியில் முடிந்து கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். எல்லா வீட்டு அரிசியும் அங்கே ஒன்றாகச் சேரும். ஏழைகளுக்குக் கொடுப்பது உண்டு. விற்று அந்தப் பணத்தை ஊழியத்துக்கு அனுப்புவதும் உண்டு.

"மூடியிலேயே ஒரு ஓட்டை போட்டு உண்டியல் மாதிரி வச்சிரலாமே அத்தை!" என்று நான் கேலி செய்ததுண்டு. அவர்கள் சிரித்துக்கொள்வார்களே தவிர பதில் சொல்ல மாட்டார்கள்.

1981ஆம் வருஷம் என் கணவர் வேலை பார்த்த பஞ்சாலையில் கதவடைப்பு. முதல் மாதம் கையிருப்பில் ஓடியது. இரண்டாவது மாதம் என் வளையல் போயிற்று. மூன்றாவது மாதம் ரேஷன் அரிசி மட்டும்தான். மூத்தவளுக்கு மூன்று வயது, இளையவன் ஏழு மாதக் குழந்தை. மூன்று உழக்கு அளந்த இடத்தில் இரண்டு உழக்கு அளந்தோம். அந்த இரண்டிலிருந்தும் அத்தை ஒரு பிடி எடுத்துக் கலயத்தில் போட்டார்கள். பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது.

"நமக்கே இல்லாதப்போ இது எதுக்கு அத்தை?" என்று கேட்டே விட்டேன்.

"ஒரு பிடியில நாம வாழவும் போறதில்ல, சாகவும் போறதில்ல பிள்ளை" என்றார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்கவில்லை.

நான் செய்த திருட்டு

ஒருநாள் சாயங்காலம். என் கணவர் கூலி வேலை தேடித் தூத்துக்குடிக்குப் போயிருந்தார். அத்தை ஜெபக்கூட்டத்துக்குப் போயிருந்தார்கள். அரிசிப் பானையில் கையை விட்டால் விரல் நுனியில் நாலு பருக்கைதான் ஒட்டியது. மூத்தவள் பசியில் சிணுங்கிக்கொண்டிருந்தாள். நான் யோசிக்கவில்லை. கலயத்தை எடுத்துக் கவிழ்த்தேன். இருபது நாள் சேர்ந்த அரிசி. அதில் பாதியைக் கஞ்சி வைத்தேன். மீதியை அரிசிப் பானையில் கொட்டினேன். வெறுங்கலயத்தை மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

அத்தை வந்து கஞ்சி குடித்தார்கள். ஒன்றும் கேட்கவில்லை. எனக்குத்தான் ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. ஆண்டவருக்கென்று வைத்ததை எடுத்துவிட்டோமே, பிள்ளைகளுக்கு ஏதாவது வந்துவிடுமோ என்று ஒரே பயம்.

காலையில் உலை வைக்கும்போது அத்தை கலயத்தைத் தூக்கினார்கள். தூக்கியதுமே தெரிந்துவிட்டது. நான் "ஓ"வென்று அழுதுவிட்டேன். திட்டுவார்கள், சபிப்பார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் சொன்னது இதுதான்:

"அழாத பிள்ளை. இல்லாதவுகளுக்குன்னு எடுத்து வச்சோம். நேத்து ராத்திரி நாமதான் இல்லாதவுக. போகவேண்டிய எடத்துக்குத்தான் போயிருக்கு. ஆனா வெறுங்கலயமா வைக்காத. இன்னைக்கு உன் கையால ஒரு பிடி போடு."

"இருக்கிறதே ரெண்டு உழக்குதானே அத்தை?"

"ரெண்டு உழக்கு இருக்குன்னு சொல்லு. ரெண்டு உழக்குதான் இருக்குன்னு சொல்லாத."

சகோதரிகளே, அன்று அந்த வார்த்தையின் அருமை எனக்கு முழுதாகத் தெரியவில்லை. ஆனாலும் முதன்முதலாக என் கையால் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். "ஆண்டவரே, இன்றைக்கு இது இருக்கிறது, ஸ்தோத்திரம்" என்று சொன்னேன். அதற்கு மேல் சொல்ல வரவில்லை. ஆனால் பல மாதங்களாக நான் செய்த ஜெபங்களில் அதுதான் முதல் உண்மையான ஜெபம். அதுவரை நான் செய்ததெல்லாம் ஜெபம் அல்ல, புலம்பல்.

கதை அதோடு முடியவில்லை. அந்த மாதம் எங்கள் கோயிலில் சேர்ந்த பிடியரிசியை விற்காமல், வேலையில்லாமல் இருந்த பஞ்சாலைக் குடும்பங்களுக்கே கொடுப்பதென்று பெண்கள் சங்கத்தில் முடிவு செய்தார்கள். இரண்டு பேர் ஒரு பையோடு எங்கள் வாசலில் வந்து நின்றார்கள். எனக்கு அவமானமாகப் போய்விட்டது. "வேண்டாம், எங்களைவிடக் கஷ்டப்படுறவங்களுக்குக் குடுங்க" என்றேன். அத்தை உள்ளேயிருந்து வந்து பையை வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் போன பிறகு என்னிடம், "குடுக்கிற கையை மட்டுமா ஆண்டவர் படைச்சாரு? வாங்குற கையையும் அவருதான படைச்சாரு. வாங்கக் கூச்சப்படுறவ, குடுக்கும்போது பெருமைப்படுவா" என்றார்கள்.

அந்தப் பையைப் பிரித்தால் பச்சரிசியும் புழுங்கலரிசியும் ரேஷன் அரிசியும் சிவப்பரிசியுமாகக் கலந்து கிடந்தது. சோறாக்கினால் சில பருக்கை குழைந்திருந்தது, சில பருக்கை நறுக்கென்றிருந்தது. ஊரில் எத்தனையோ வீட்டு அடுப்பங்கரை அந்த ஒரு பானைக்குள் வந்திருந்தது. அந்தச் சோற்றைப் பிசைந்து பிள்ளைக்கு ஊட்டும்போது என் கண்ணில் நீர் நிற்கவில்லை. 'நாம் தனியாக இல்லை' என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

பத்து மாதம் கழித்துப் பஞ்சாலை திறந்தது. என் கணவருக்கு மறுபடியும் வேலை கிடைத்தது. எங்களைப் போலவே ஜெபித்த, எங்களைப் போலவே பிடியரிசி போட்ட சில குடும்பங்களுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே அதற்கும் இதற்கும் முடிச்சுப்போட எனக்கு மனமில்லை. ஒரு பிடி போட்டால் ஒரு மூட்டை திரும்பி வரும் என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பத்து மாதத்தையும் மனம் உடையாமல் கடந்தோமே, அதற்கு எது துணை நின்றது என்றுதான் சொல்ல வருகிறேன்.

ஜெபத்துக்கு நேரம் ஏது?

வேதத்தில் அன்னாள் என்று ஒரு பெண். சாமுவேல் முதலாம் புத்தகத்தின் முதல் அதிகாரத்திலேயே அவள் கதை வருகிறது. பிள்ளை இல்லை; அதைச் சொல்லிச் சொல்லிக் குத்திக் காட்ட வீட்டிலேயே ஒருத்தி. சாப்பாடு இறங்காமல் அழுதுகொண்டிருந்தாள். ஆலயத்துக்குப் போய் மனதில் இருந்ததை எல்லாம் கொட்டினாள். குரலே வெளியே வராமல் உதடு மட்டும் அசைந்ததால், ஏலி என்ற ஆசாரியர் அவள் குடித்திருக்கிறாள் என்றே நினைத்துவிட்டார்! அவள் உண்மையைச் சொன்னதும் அவர் ஆசீர்வதித்து அனுப்பினார்.

அதற்குப் பிறகு என்ன நடந்தது என்பதைக் கவனியுங்கள். அவள் போய்ச் சாப்பிட்டாள். அவள் முகத்தில் பிறகு துக்கம் இல்லை. பிள்ளை பிறந்த பிறகா? இல்லை. பிள்ளை பிறப்பது பிந்திய கதை. கேட்டது கையில் கிடைக்கும் முன்பே அவளுக்குச் சாப்பாடு இறங்கிவிட்டது. பாரத்தை இறக்கி வைத்துவிட்ட நிம்மதி அது. ஜெபத்தின் முதல் பலன் அதுதான் என்று நான் நினைக்கிறேன்.

நேரமும் இடமும் இல்லையே என்கிறீர்களா? ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி என்ற புகழ்பெற்ற சகோதரர்களின் தாய் சூசன்னா வெஸ்லி. 1669 முதல் 1742 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தவர். பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, அதில் ஒன்பது பேரைக் குழந்தையாகவே பறிகொடுத்தவர். வறுமையும் கடனும் வீட்டை விட்டுப் போனதில்லை. அத்தனை பிள்ளைகள் ஓடியாடும் வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது? சமையல் வேலைக்குக் கட்டியிருக்கும் மேல்துணியைத் தூக்கித் தலைமேல் போட்டுக்கொண்டு அப்படியே ஜெபிப்பாராம். 'அம்மா ஜெபத்தில் இருக்கிறாள்' என்று பிள்ளைகள் சத்தத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். இப்படி அவரைப் பற்றிச் சொல்வார்கள். நமக்கு முந்தானை இருக்கிறதே, அது போதாதா?

கதவைப் பூட்டிக்கொண்டு அந்தரங்கத்தில் ஜெபிக்கச் சொன்னார் இயேசு. நம்மில் பலருக்குப் பூட்ட ஒரு கதவு கிடையாது. ஆனால் குழந்தைக்குப் பால் கொடுக்கும் பத்து நிமிஷம் இருக்கிறது. பால் பொங்கக் காத்திருக்கும் நேரம் இருக்கிறது. துணி உலர்த்தும் நேரம் இருக்கிறது. ஒவ்வொரு துணியாகக் கொடியில் போடும்போது அந்தத் துணிக்குரியவருக்காக ஒரு வரி ஜெபம் செய்து பாருங்கள். கோபமாக இருக்கிற நாளில் கணவரின் சட்டையை உதறிப் போடும்போது, அந்த ஒரு வரி எத்தனை கஷ்டமாக வருகிறது, சொன்ன பிறகு கோபம் எப்படிப் பாதியாகக் குறைகிறது என்பது புரியும்.

'தான்' என்ற இரண்டு எழுத்து

இனி அத்தை சொன்ன வார்த்தைக்கு வருவோம். 'ரெண்டு உழக்கு இருக்கு', 'ரெண்டு உழக்குதான் இருக்கு'. அரிசி ஒன்றுதான், அளவும் ஒன்றுதான். 'தான்' என்ற இரண்டு எழுத்து வந்து ஒட்டிக்கொண்டதும் இருப்பது இல்லாததாகிவிடுகிறது.

நம் வீட்டுப் பேச்சைக் கவனித்துப் பாருங்கள். 'ஒரு அறைதான் இருக்கு', 'இவ்வளவு சம்பளம்தான் வருது', 'பிள்ளை இத்தனை மார்க்குதான் வாங்கியிருக்கான்'. ஒரு நாளைக்கு எத்தனை 'தான்'!

ஐந்து அப்பமும் இரண்டு மீனும் கொண்டு ஐயாயிரம் பேர் பசியாறிய கதை எல்லாருக்கும் தெரியும். அந்தச் சாப்பாடு ஒரு சிறுவனுடையது என்று யோவான் எழுதிய சுவிசேஷம் சொல்கிறது. சீஷர்கள் அதைப் பார்த்ததும் 'இது எந்த மூலைக்கு?' என்றுதான் நினைத்தார்கள். இயேசுவோ அதைக் கையில் எடுத்து முதலில் நன்றி சொன்னார். எல்லாரும் சாப்பிட்டு, பன்னிரண்டு கூடை மிஞ்சிய பிறகு அல்ல. ஐந்தே அப்பம் இருந்தபோது சொன்னார். பெருகின பிறகு நன்றி சொல்வது யாருக்கும் வரும். குறைவாக இருக்கும்போது சொல்வதுதான் பழக வேண்டியது.

வந்த பிறகாவது சொல்கிறோமா என்றால் அதுவும் சந்தேகம்தான்! பத்துக் குஷ்டரோகிகள் சுகமானார்கள். திரும்பி வந்து நன்றி சொன்னவன் ஒரே ஒருவன். அவனும் யூதர்கள் ஒதுக்கி வைத்திருந்த சமாரியன். மற்ற ஒன்பது பேரும் கெட்டவர்கள் என்று நான் சொல்லமாட்டேன். வீட்டுக்குப் போகும் அவசரம்! நமக்கும் அதே அவசரம்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ராத்திரி முழுக்க மன்றாடுகிறோம். காய்ச்சல் விட்டதும் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிவிடுகிறது.

இதை மருத்துவக் கண்ணோடு பார்த்தவர்களும் உண்டு. 2003ஆம் ஆண்டு அமெரிக்காவில் ராபர்ட் எம்மன்ஸ், மைக்கேல் மெக்கல்லோ என்ற இரண்டு மனநூல் அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பிரிவினர் வாரம் ஒருமுறை நன்றி சொல்லத்தக்க ஐந்து காரியங்களை எழுத வேண்டும். இன்னொரு பிரிவினர் தங்களை எரிச்சலூட்டியவற்றை எழுத வேண்டும். இப்படிப் பத்து வாரம். முடிவில், நன்றியை எழுதியவர்கள் வாழ்க்கையில் அதிகத் திருப்தியோடு இருந்தார்கள். உடம்புக்கு இது, அது என்ற புகார்களும் குறைந்திருந்தன. எழுத்து வாசனை இல்லாத என் மாமியார் இதைத் தினமும் ஒரு பிடி அரிசியால் எழுதிக்கொண்டிருந்தார்கள்!

மலைமேல் ஒரு பிடி

பிடியரிசி என்பது எங்கள் பக்கத்து வழக்கம் மட்டுமே என்று வெகுநாள் நினைத்திருந்தேன். பிறகுதான் தெரிந்தது, காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளும் ஏழைகளுக்கு அன்னமிட இதே பிடியரிசித் திட்டத்தை வற்புறுத்தியிருக்கிறார்கள் என்று. நல்ல காரியம் எந்த அடுப்பங்கரையிலும் வேர் பிடிக்கும் போலிருக்கிறது.

நம் நாட்டின் வடகிழக்குக் கோடியில், மிசோரம் மலைகளில் இந்த வழக்கம் பெரிய விருட்சமாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே கிறிஸ்தவ மிஷனெரிகள் போய்ச் சேர்ந்தது 1894ஆம் ஆண்டு. 1910ஆம் ஆண்டு அங்குள்ள சபைப் பெண்கள் ஒரு வழக்கத்தைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு வேளையும் சோறு வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனிப் பாத்திரத்தில் எடுத்து வைப்பது. 'புஃபாய் தாம்' என்று அதற்குப் பெயர். மிசோ மொழியில் ஒரு பிடி அரிசி என்று பொருள். பெண்களே வீடு வீடாகப் போய் அதைச் சேகரித்துக் கோயிலுக்குக் கொண்டுவருவார்கள். அதை விற்று வரும் பணம் ஊழியத்துக்கு. அன்று அந்தப் பெண்கள் கையில் காசு புழங்கியதில்லை. அவர்கள் கைக்குள் இருந்தது அரிசிதான். அதையே கொடுத்தார்கள்.

தொடங்கியதும் என்ன சோதனை வந்தது தெரியுமா? அந்த மலைகளில் ஏறக்குறைய ஐம்பது வருஷத்துக்கு ஒருமுறை மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூக்கும். அந்த மூங்கில் விதையைத் தின்று எலிகள் கணக்கில்லாமல் பெருகும். விதை தீர்ந்ததும் எலிகள் வயலில் இறங்கி நெல்லை அழித்துவிடும். 'மவுதாம்' என்று அந்தப் பஞ்சத்துக்குப் பெயர். 1911, 1912ஆம் ஆண்டுகளில் அது வந்தது. மறுபடி 1959ஆம் ஆண்டு வாக்கிலும், 2007ஆம் ஆண்டு வாக்கிலும் மூங்கில் பூத்தது. எலிகள் வந்து போயின; பிடியரிசி மட்டும் நிற்கவில்லை. நூறு வருஷத்தைத் தாண்டி இன்றும் நடக்கிறது. ஒரு பிடி ஒரு பிடியாகச் சேர்ந்தே பள்ளிகளுக்கும் ஊழியர்களுக்கும் அந்தச் சபைகள் உதவி வருகின்றன.

நம் பக்கத்திலும் இப்படிப்பட்ட கொடுத்தலுக்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. திருநெல்வேலிச் சீமையில் வெள்ளாளன்விளை என்ற ஊரில் 1874ஆம் ஆண்டு பிறந்தவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. அன்னாளைப் போலவே அவர் தாயும் பல வருஷம் ஜெபித்துப் பெற்ற மகன். அதனால்தான் சாமுவேல் என்று பெயர். 1902ஆம் ஆண்டு அவர் யாழ்ப்பாணம் போனபோது, அங்குள்ள தமிழ்ச் சபைகள் தங்கள் சொந்தப் பணத்தில் வெளியூருக்கு ஊழியர்களை அனுப்புவதைக் கண்டார். 'நாம் மட்டும் எத்தனை நாளைக்கு வாங்கிக்கொண்டே இருப்பது?' என்ற எண்ணம் மனதைத் தைத்தது. மறு வருஷம், 1903ஆம் ஆண்டு பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் பிறந்தது. வெளிநாட்டுப் பணத்தை எதிர்பார்க்காமல், நம் ஜனங்களின் காணிக்கையிலேயே தெலுங்கு நாட்டில் உள்ள தோர்ணக்கல்லுக்கு ஊழியர்களை அனுப்பினார்கள். அசரியா 1912ஆம் ஆண்டு ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார். கிராமத்து ஏழைச் சபைகளும் கொடுக்க முடியும், கொடுத்தால்தான் அவர்கள் தலைநிமிர முடியும் என்பது அவர் நம்பிக்கை.

அத்தை சொன்னதும் இதைத்தானே! வாங்கிக்கொண்டே இருக்கிறவனுக்கு, 'நீயும் கொடுக்கலாம்' என்று ஒருவர் சொன்னால் அதுவே ஒரு கௌரவம். வேதத்தில் வரும் ஏழை விதவை இரண்டு சிறு காசைப் போட்டபோது, பணக்காரர்கள் போட்டதையெல்லாம்விட அது பெரியது என்றார் இயேசு. தொகையை அவர் பார்க்கவில்லை.

நம் வீட்டில் எப்படி ஆரம்பிக்கலாம்?

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். நான் பல வருஷம் செய்து பார்த்தவற்றைச் சொல்லுகிறேன்.

முதலில் எடுங்கள். மிஞ்சினால் கொடுக்கலாம் என்று வைத்தால் மிஞ்சாது. உலை வைக்கும் முன் எடுத்தால் யாருக்கும் குறையாது. மண் கலயம் வேண்டுமென்பதில்லை. காலியான ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் போதும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். நாலு காய்ந்த மிளகாயோ வேப்பிலையோ போட்டு வைத்தால் வண்டு வராது. மாதம் ஒருமுறை கொடுத்துவிட்டுப் பாட்டிலைக் கழுவிக் காயவைத்து மறுபடி தொடங்குங்கள்.

கையோடு ஒரு வரி ஜெபம். 'இன்று இது இருக்கிறது, ஸ்தோத்திரம். இல்லாதவர்களுக்கும் கிடைக்கட்டும்.' இவ்வளவு போதும். நேரம் கிடைக்கிற நாளில் அது தானாக நீளும்.

பிள்ளைகளின் கையால் போடச் சொல்லுங்கள். மூன்று வயதுக் குழந்தையின் பிடியில் எவ்வளவு அரிசி வரும்? முப்பது பருக்கை கீழே சிந்தும். சிந்தட்டும். 'இது யாருக்கு அம்மா?' என்று அது கேட்கும் கேள்வி, நாம் செய்யும் பத்துப் போதனைக்குச் சமம்.

ராத்திரி படுக்கும் முன் அன்று நடந்த நல்லதில் ஒன்றைச் சொல்லச் சொல்லுங்கள். ஒன்றே ஒன்று. 'இன்னைக்கு முறுக்கு சாப்பிட்டேன்' என்று சொன்னாலும் சரிதான். அதற்கும் ஸ்தோத்திரம்!

யாருக்குக் கொடுப்பது? கோயிலில் கொடுக்கலாம். அல்லது உங்கள் தெருவிலேயே பிரசவித்து வீடு வந்த ஒரு பெண், கணவனை இழந்த ஒருத்தி, தனியாக இருக்கும் ஒரு முதியவர் இருப்பார்கள். கொடுக்கும்போது அவர்கள் முகம் சுருங்காதபடி கொடுங்கள். 'கொஞ்சம் கூடுதலா இருந்துச்சு அக்கா' என்று சொல்லிக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும். வலது கை கொடுப்பதை இடது கை அறியக் கூடாது என்பதற்கு அர்த்தம் அதுதான்.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பிள்ளைக்குரிய பாலையோ, கர்ப்பிணியான உங்கள் சாப்பாட்டையோ குறைத்துக் கொடுப்பது பக்தி ஆகாது. கடன் வாங்கிக் காணிக்கை போட வேண்டாம். 'இவ்வளவு போட்டால் இவ்வளவு திரும்பி வரும்' என்று யாராவது கணக்குச் சொன்னால் நம்ப வேண்டாம்; அது வியாபாரம்.

இளம் தாய்மார்களுக்கு இன்னொன்று. பிரசவத்துக்குப் பிறகு காரணமில்லாமல் அழுகை வருவதும், சோர்வும் சில நாள் இருப்பதும் சகஜம். ஆனால் இரண்டு வாரத்துக்கு மேலும் அது நீடித்தாலோ, குழந்தையைத் தூக்கவே மனம் வராமல் போனாலோ, உயிர் வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றினாலோ, 'எனக்கு விசுவாசம் போதவில்லை' என்று உங்களை நீங்களே நொந்துகொள்ளாதீர்கள். உடனே வீட்டில் சொல்லி டாக்டரிடம் போங்கள். ஜெபம் செய்துகொண்டே மருந்து சாப்பிடலாம். டாக்டரைத் தந்ததற்கும் சேர்த்து நன்றி சொல்லலாம்.

கலயம் இன்னும் இருக்கிறது

அத்தை போய் வருஷம் பல ஆகிவிட்டன. கடைசி நாட்களில் படுக்கையில் இருந்தபோதும், காலையில் உலைச் சத்தம் கேட்டதும், "பிடி போட்டியா பிள்ளை?" என்று கேட்பார்கள். "போட்டேன் அத்தை" என்று நான் சொன்ன பிறகுதான் காப்பி குடிப்பார்கள்.

அன்று பசியில் சிணுங்கிய என் மகள் இன்று வெளியூரில் குடும்பம் நடத்துகிறாள். அவள் வீட்டில் குக்கர்தான், உலை கிடையாது. போன தடவை போயிருந்தபோது, அடுப்பு மேடையில் அரிசி டப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எவர்சில்வர் டப்பாவைப் பார்த்தேன். திறந்து பார்த்தால் பாதி அரிசி. நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை; அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய சின்ன மகன்தான் ஓடிவந்து, "பாட்டி, அதைத் தொடாதீங்க. அது இல்லாதவுங்களுக்கு!" என்றான்.

சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஒருநாள் அதையே நான் எடுத்துக் கஞ்சி வைத்த கதையை அவன் பெரியவனானதும் அவனுக்குச் சொல்ல வேண்டும்.

நாளைக் காலையில் நீங்கள் அரிசி அளக்கும்போது ஒரு நிமிஷம் நில்லுங்கள். 'இவ்வளவுதான் இருக்கு' என்று வாயில் வருவதை நிறுத்தி, 'இவ்வளவு இருக்கு' என்று சொல்லிப் பாருங்கள். பிறகு ஒரு பிடி எடுத்துத் தனியே வையுங்கள். மீதி அரிசி உலையில் கொதிக்கட்டும்.